அவ வீட்ல இல்ல

நேர்காணலுக்கு வரவேண்டிய மூன்றாவது பெண், எல்லோரும் கிளம்பலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வந்தாள். முழங்கால் வரை சேறு. வழியில் ஒரு பெரியவர் சைக்கிளோடு விழுந்துவிட்டாராம், வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாளாம். நாற்காலி நனையாமல் நுனியில் உட்கார்ந்தாள். டெய்லரம்மா அப்போதே பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

டெய்லரம்மாவின் செத்துப்போன மகளின் பெயரில் தெருவே சேர்ந்து கொடுக்கும் உதவித்தொகை அது. யாருக்கு என்பதில் அம்மாவின் சொல்தான் கடைசி என்று சொல்லி, நேர்காணலையும் அவள் வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். தைக்க வந்த துணிகளைக் கட்டிலில் அள்ளிப் போட்டு, மெஷினைப் போர்வையால் மூடி, கூடத்தை ஒழித்துக் கொடுத்திருந்தாள்.

இந்த வாசலில் நின்றுதான் இதே ஜனங்கள் மகளைக் கூப்பிடுவார்கள். சிலிண்டர் மாற்றத் தெரியாதவர்கள், ஆஸ்பத்திரிக்குத் துணையில்லாதவர்கள், ஆபீஸில் போய்ப் பேச வாய் வராதவர்கள். உன்னை என்ன ஊருக்கு நேர்ந்து விட்டிருக்கா என்று இவள் கத்துவாள். "வாடகைக்குத்தாம்மா விட்டிருக்க. ராத்திரி திரும்பி வந்துடுவேன்" என்று மகள் சிரிப்பாள். கதவு தட்டினால் முந்திக்கொண்டு போய், அவ வீட்ல இல்ல என்று பொய் சொல்லவும் டெய்லரம்மா பழகியிருந்தாள். பொய் ஒருநாளும் செல்லுபடியானதில்லை. "இருக்கேன், இருக்கேன்" என்று உள்ளேயிருந்து வந்துவிடுவாள்.

போன மழையிலும் அப்படித்தான் வந்தாள். பின்தெருவில் வீட்டுக்குள் வெள்ளம் ஏறி, நடக்க முடியாத ஓர் அம்மாவைத் தூக்கக் கூப்பிட்டார்கள். அந்தம்மாவை மேட்டில் சேர்த்துவிட்டு, விட்டுவந்த செருப்பை எடுக்கத் திரும்பியவள், தண்ணீருக்குள் அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்தாள். உதவித்தொகைக்கு முதலில் பணம் கொடுத்தது அந்தம்மாதான். எதிரில் பார்த்தால் டெய்லரம்மா சிரிப்பாள். வீட்டுக்கு வந்த பிறகு, அந்தச் சிரிப்புக்கு அடியில் தான் நினைத்ததை எண்ணிக் கூசிப்போவாள்.

மூன்று பெண்களையும் விசாரித்துக் கூடத்திலிருந்து அனுப்பியாயிற்று. "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் தேர்வுக்கு வந்திருந்த தலைமையாசிரியை. "கடைசியா வந்தவளப் பாத்தா, நம்ம பொண்ணையே திரும்பப் பாத்த மாதிரி இருக்கு." தெருச் சங்கத்துச் செயலாளரும் தலையாட்டினார். நர்சிங் சேர இந்தப் பணத்தைத்தான் அந்தப் பெண் மலைபோல் நம்பியிருக்கிறாளாம்.

"முதல்ல வந்த பொண்ணுக்குக் குடுத்துடலாம்" என்றாள் டெய்லரம்மா. "மார்க் நிறைய வாங்கியிருக்கா."

"மார்க் பாக்க வேணாம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

சொன்னதுதான். ஆனால் அந்தப் பெண்ணை மேடையேற்றி மாலை போட்டால், எந்தக் கதவைத் தட்டலாம் என்று ஊருக்கே தெரிந்துபோகும். அந்த வீட்டிலும் ஓர் அம்மா இருப்பாள். நினைக்க நல்ல காரணமாகத்தான் இருந்தது. அதைக் கொஞ்சம் விலக்கினால் அடியில் இன்னொன்று கிடந்தது: இவளும் யாருக்கோ ஓடிப்போய்த்தான் நனைந்தாள், ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறாளே.

"உங்க வார்த்தைதான் கடைசி, இல்லேங்கல" என்றார் செயலாளர். "அந்தப் பொண்ணு இங்கதான் இருக்காளா? கூப்பிடுங்க, உங்க முன்னாடியே இன்னொரு தடவை பேசிப் பாப்போம்."

சற்று முன் தண்ணீர் எடுக்கப் போனபோது டெய்லரம்மா பார்த்திருந்தாள். சமையலறையில் கையை மடித்து விட்டுக்கொண்டு, எல்லோரும் குடித்த டம்ளர்களை அவள் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. சும்மாதானே நிக்கிறேன்மா என்றாள்.

"அவ இல்ல" என்றாள் டெய்லரம்மா. "போயிட்டா."

நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. அதே குரல், அதே வேகம். சொல்லி முடித்த பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது. தலைமையாசிரியை சமையலறைப் பக்கம் பார்த்தார். டெய்லரம்மா மெஷின் மேலிருந்த போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே குழாய் நின்றது. கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஈரத் தரையில் வெறுங்கால்கள் பதிந்து பதிந்து கூடத்தை நோக்கி வந்தன.