இக்னேஷியஸுக்கு எழுதிக் கொடுத்த சாறு

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ராயப்பேட்டையில் ஒரு டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சில் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் இன்னொருத்தியிடம் சொன்ன ஒரு வாக்கியம் காதில் விழுந்தது: "அவருக்கு எழுதிக் குடுத்த ஜூஸை நான் குடிச்சேன். அவரு தேறிட்டாருன்னு டாக்டர் சொன்னாரு." அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அந்த அம்மாள் இல்லை. பெயர் தெரியாததால் மர்சலின் என்று நானே வைத்தேன். வீட்டைச் சாந்தோமில் வைத்தேன். வருஷம் 1946.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "மயிலாப்பூர்மேல் கருமேகங்கள் திரண்டிருந்தன. மர்சலினின் மனத்திலும்—"

(வேண்டாம். கேரட் துருவுகிறவள் மேகத்தைப் பார்ப்பதில்லை.)

2

மர்சலினுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கணவர் இக்னேஷியஸ் மவுண்ட் ரோடு அச்சாபீஸ் ஒன்றில் புரூஃப் திருத்துகிறவர். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. அந்த மார்ச்சில் இக்னேஷியஸ் காய்ச்சலில் மூன்று வாரம் படுத்துவிட்டார். காய்ச்சல் விட்ட பிறகும் நடந்தால் கால் தள்ளாடியது. டாக்டர் இனாயத், தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் கேரட் சாறு, அதில் ஒரு ஆரஞ்சு பிழிந்து, என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மர்சலின் அரை வீசை கேரட்டைத் துருவி, மல் துணியில் கட்டி, முறுக்கிப் பிழிந்தாள். விரலெல்லாம் மஞ்சளாகிவிட்டது. இக்னேஷியஸ் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாட்டுக்குப் போடறதைப் பிழியச் சொல்லியிருக்காரு."

"மருந்துன்னு நெனச்சுக் குடிங்க."

"நீயே குடி. கேட்டா நான் குடிச்சேன்னு சொல்லிக்கிறேன்."

கொட்டத்தான் எடுத்துப் போனாள். அத்தனை நேரம் பாடுபட்டதைச் சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. நின்றபடியே குடித்தாள். முதலில் மண் வாசனை. அப்புறம் தித்திப்பு. கடைசியில், நாக்கின் ஓரத்தில், ஆரஞ்சின் புளிப்பு. அந்த வீட்டில் அவளுக்குக் கிடைப்பது இரண்டாவது டிகாஷன் காப்பி, எல்லோரும் கை கழுவிய பிறகு சோறு. வீட்டில் ஒருவரும் காப்பி குடிப்பதற்கு முன்னால், ஒரு டம்ளர் நிறைய, அவள் எதையும் குடித்ததே இல்லை.

3

இங்கே இக்னேஷியஸ்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் அவர் முரடர். டம்ளரைத் தூக்கி எறிந்தார். அதை அடித்துவிட்டேன். எறிகிறவரோடு சண்டை போடுவது மர்சலினுக்குச் சுலபம், எனக்கும் சுலபம். இவர் சாந்தமானவர். கோயிலில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து, பெண்கள் பக்கம் ஒரு தரம் திரும்பி, அவள் வந்துவிட்டாளா என்று பார்த்துக்கொள்கிறவர். தினமும் அவள்தான் குடிக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும், மிஞ்சின சோற்றை அவள் சாப்பிடுவது தெரிகிற மாதிரி.

அவள் குடித்தாள்.* ஒரு வாரம் கேரட். ஒரு வாரம் தக்காளியில் மிளகுத்தூள் தூவி. பிறகு பீட்ரூட்டும் எலுமிச்சையும். பல் விளக்கும்போது ஈறில் வரும் ரத்தம் ஜூனில் நின்றது. கச்சேரி ரோட்டில் காய்கறிக் கூடை வைத்திருக்கும் தேவானையிடம் போகும்போது முன்போல வழியில் உட்காராமல் போனாள்.

"இம்மாம் கேரட்டு யாருக்கும்மா?" என்றாள் தேவானை.

"எங்க வூட்டுக்காரருக்கு. டாக்டர் சொன்னாரு."

"அவரைத்தான் நேத்துப் பார்த்தேனே. அவரு மூஞ்சி அப்படியேதான் கீது. உன் மூஞ்சிதான் பளபளன்னு ஆயிக்கினு வருது."

மர்சலின் கேரட்டைப் பொறுக்கினாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தாள்.

(* ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசைக்குப் பிறகு. நன்மை என்ற நற்கருணை அப்பம் வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்ற காலம். பூசை முடிந்ததும் யாரோடும் நின்று பேசாமல் வீட்டுக்கு விரைந்தாள். பக்தி என்று சிலர் நினைத்தார்கள்.)

4

செப்டம்பரில் டாக்டர் இனாயத் இக்னேஷியஸின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "பார்த்தீங்களா, கேரட் செஞ்ச வேலையை," என்றார். "இனிமே வேண்டாம், நிறுத்திடலாம்."

இக்னேஷியஸ் நல்ல செய்தியோடுதான் வீட்டுக்கு வந்தார்.

"நாளையிலேருந்து அந்தக் கேரட்டை விட்டுடு. ஆறு மாசமா துருவித் துருவிக் கையெல்லாம் போச்சு. ஒனக்கும் ஒரு வேலை மிச்சம்."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். மர்சலின் "சரி" என்றாள். பாத்திரம் கழுவினாள், பிள்ளைகளின் சட்டையை மடித்து வைத்தாள். "சரி" என்று சொன்னது அன்றைக்கெல்லாம் நெஞ்சில் ஒரு விதை சிக்கின மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

5

மறுநாள் காலை துருவும் சத்தம் கேட்டு இக்னேஷியஸ் அடுக்களை வாசலுக்கு வந்தார்.

"நிறுத்தச் சொல்லிட்டாரே. இது யாருக்கு?"

"எனக்கு."

"ஒனக்கு ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன். அதனாலதான்."

அவள் துணியை முறுக்கிப் பிழிந்தாள். டம்ளரை எடுத்து, முதல் தடவையாக அவர் எதிரிலேயே, குடிக்க ஆரம்பித்தாள்.

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் சிரித்துவிடுகிறார். உடனே எல்லாம் விளையாட்டாகிவிட்டது, கிழித்தேன். இன்னொன்றில் அவர் எனக்கும் ஒரு வாய் கொடு என்று கை நீட்டுகிறார். இது எனக்குப் பிடித்திருந்தது. படித்துவிட்டு என் மனைவி, "அவ டம்ளர்லேருந்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அதையும் கிழித்தேன்.

மூன்றாவது என்னிடம் இல்லை. இக்னேஷியஸ் வாசலில் நிற்கிறார், ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். என்ன சொல்கிறார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த அளவுக்கு உங்களுக்கும் இப்போது அவரைத் தெரியும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டம்ளரில் இன்னும் பாதி இருக்கிறது. அவள் குடித்து முடித்த பிறகு ஆரம்பியுங்கள்.