வாசலில் இருந்த குட்டை

இரண்டு வருடம்! ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, பார்க்காத அதிகாரியையெல்லாம் பார்த்து, பாடப் பயிற்றுநர் வாங்கி வந்த ஒரே ஒரு மணி நேரம் அது. திங்கட்கிழமை கடைசிப் பீரியடில் கணக்கு, அறிவியல், தொழிற்பட்டறை ஆசிரியர்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார வேண்டும். கண்ணெதிரே நிஜமாக இருக்கிற ஒரு பிரச்சினையை எடுத்து, மூவர் பாடமும் அதற்குள் வருகிற மாதிரி திட்டம் போட வேண்டும். கூட இருந்து உதவுவது அவள் வேலை. கேட்க என்ன லட்சணமாக இருக்கிறது! உட்கார வைத்துப் பார்த்தால்தானே தெரியும்.

இந்த வெள்ளிக்கிழமை மேலதிகாரி நேரில் வருகிறார். ஒரு பாடமாவது உருப்படியாக நடந்தால் அந்த ஒரு மணி நேரம் நிலைக்கும். இல்லையென்றால் எல்லாப் பள்ளியிலும் ரத்து. அவளும் பழையபடி வினாத்தாள் பிரிவுக்குப் போய், ஜன்னல் இல்லாத அறையில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"என்ன பிரச்சினையை எடுக்கலாம்? சொல்லுங்க" என்றாள் திங்கட்கிழமை.

"எரிமலை" என்றாள் அறிவியல் டீச்சர், யோசிக்கவே யோசிக்காமல்.

"இங்க எரிமலை எங்க டீச்சர் இருக்கு?"

"பீரோவுல இருக்கு மேடம். போன வருஷம் செஞ்சது. பெயின்ட்கூட போகல. சோடா உப்பு போட்டா நுரை வரும், பாக்க அம்சமா இருக்கும்."

பயிற்றுநர் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டறை மாஸ்டர் பக்கம் திரும்பினாள். அவர் காதில் பென்சிலைச் செருகியபடி தயாராக இருந்தார். "நீங்க முடிவு பண்ணுங்க மேடம். நீளம் அகலம் சொன்னா வெட்டிக் குடுத்துடறேன்."

"எதை வெட்டிக் குடுப்பீங்க?"

"அதான் சொல்றேன், நீங்க முடிவு பண்ணுங்க."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. நேற்றுதான் வீட்டில் கணவன் கேட்டான், "நீ பாடம் சொல்லிக் குடுக்கப் போறியா, சண்டை விலக்கப் போறியா?" என்று. சண்டை வந்தாலாவது விலக்கலாம். இவர்கள் சண்டைகூடப் போட மாட்டேன் என்கிறார்களே!

அந்த நேரம் பார்த்துத்தான் கணக்கு வாத்தியார் உள்ளே வந்தார், கால் மணி நேரம் தாமதமாக. பேன்ட் முழங்கால் வரைக்கும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "மேடம், முதல்லயே சொல்லிடறேன். எனக்கு போர்ஷன் முடியல. இந்த விளையாட்டுக்கெல்லாம் நேரமில்ல" என்றவர், ஷூவைக் கழற்றி ஜன்னலோரம் கவிழ்த்தார். "அந்த வாசல் குட்டை இருக்கு பாருங்க, பாழாப்போனது! மூணு வருஷமா இதே கூத்து. பசங்க குழாய்ல கை கழுவுற தண்ணி, எட்டடி தள்ளி இருக்கிற வடிகாலுக்குப் போகாம எட்டாங்கிளாஸ் வாசல்லயே நிக்குது. ஏன் நிக்குதுன்னு கேக்க ஒரு நாதி உண்டா?"

"கேளுங்க சார்! அதைத்தான் பசங்களைக் கேக்க வைக்கணும்!" பயிற்றுநர் மேசையில் ஓங்கித் தட்டினாள். அறிவியல் டீச்சரின் டீ டம்ளர் ஆடிப்போனது.

என்ன ஆச்சரியமோ, மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தண்ணீர் ஏன் அந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அறிவியல். கண்ணாடி மாதிரியான நீளப் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் மட்டம் பார்த்து, சரிவைக் கணக்கிடுவது கணக்கு. வாய்க்கால் ஒன்றை வரைந்து, அட்டையில் மாதிரி செய்து பார்ப்பது பட்டறை. "சரிவுன்னா விகிதம்தானே? அது என் போர்ஷன்லயே வருதே!" என்று கணக்கு வாத்தியார் தன்னையே திட்டிக்கொண்டார். எரிமலை அறிவியல் டீச்சரின் பீரோவிலேயே தூங்கியது.

திட்டத்தில் தலைமை ஆசிரியர் கையெழுத்து வேண்டும் என்பது விதி. பயிற்றுநர் குட்டையைப் பளிச்சென்று படம் பிடித்து, முதல் பக்கத்தில் ஒட்டி, மேலே கொட்டை எழுத்தில் 'பிரச்சினை' என்று எழுதி, புதன்கிழமை அவர் மேசையில் வைத்தாள். அங்கேதான் அவள் கோட்டை விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கேட்டுக்குள் நுழைந்தபோது குட்டையைக் காணோம். எட்டாம் வகுப்பு வாசலில் புத்தம் புதுச் சிமென்ட் மழமழவென்று மின்னியது. பக்கத்தில் தலைமை ஆசிரியர் பின்னால் கை கட்டி நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி மேடம்? நேத்தே ஆளை வரவழைச்சு, நானே நின்னு பூசிட்டேன். அதிகாரி வர்ற நேரத்துல நம்ம ஸ்கூல்ல பிரச்சினை இருக்கலாமா?"

"சார்... அந்தப் பிரச்சினையை வச்சுத்தான் சார் பாடமே! உள்ள பத்து பக்கம் எழுதியிருந்தேனே!"

"போட்டோவைப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு. உள்ள எதுக்குப் படிக்கணும்?" என்றார் அவர், பெருந்தன்மையாக.

கடவுளே! மூன்று வருடம் தேங்கிக் கிடந்த தண்ணீர், இன்னும் மூன்று மணி நேரம் தேங்கியிருக்கக் கூடாதா? அவள் ஆசிரியர் அறைக்குப் போய் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஆத்திரத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் இல்லாத அந்த அறைதான் கண் முன்னால் நின்றது.

"எரிமலையை எடுக்கட்டுமா மேடம்?" என்று மெல்லக் கேட்டாள் அறிவியல் டீச்சர்.

"சும்மா இருங்க டீச்சர்" என்றார் கணக்கு வாத்தியார். அவர் முகம் சிவந்திருந்தது. "நாலு நாளா ராப்பகலா உக்காந்து சரிவுக்குக் கணக்கு போட்டிருக்கேன். பூசுனாராம் பூசுனாரு! மட்டம் பாத்தாங்களா? தண்ணி எங்க போகும்னு ஒருத்தராவது பாத்தாங்களா?" சட்டென்று நிறுத்தினார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டறை மாஸ்டர் டியூபை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பத்தரை மணிக்கு மேலதிகாரி வந்தார். இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் வழக்கம்போல ஏழு குழாயையும் திறந்து கை கழுவி முடித்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு முழுவதும் வாசலில் நோட்டும் கையுமாக நின்றது.

"தண்ணி இப்ப எங்க போகும்? பாக்காம சொல்லுங்க, அளந்து சொல்லுங்க" என்றார் கணக்கு வாத்தியார். டியூபின் ஒரு முனையை ஒரு பெண் பிடித்தாள், மறுமுனையை இன்னொருத்தி பிடித்தாள். வடிகால் பக்கம், வகுப்பு வாசல், அதற்கு நேர் எதிர்ப்பக்கம் என்று மூன்று இடத்தில் அளந்தார்கள். எண்கள் கரும்பலகையில் ஏறின. சிமென்ட் நடுவில் மேடாக நின்றது. வடிகாலைவிட எதிர்ப்பக்கம் நான்கு சென்டிமீட்டர் கீழே.

"அப்ப தண்ணி அந்தப் பக்கம்தான் சார் போகும்" என்றாள் டியூப் பிடித்த பெண்.

"எந்தப் பக்கம்?" என்றார் அதிகாரி.

அவள் கை நீட்டிக் காட்டிய திசையில் கதவு திறந்தது. தலைமை ஆசிரியர் ஈரச் சாக்ஸோடு, ஒரு கையில் ஷூவும் மறு கையில் நனைந்த கோப்புமாகத் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். "யார் இங்க தண்ணியைக் கொட்டினது?"

"யாரும் கொட்டல சார். சரிவு" என்றாள் அந்தப் பெண், நோட்டைப் பார்த்தபடியே.

அதிகாரி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது. நாற்பது நிமிடம் நின்றார். பிள்ளைகள் நான்கு விதமாக வாய்க்கால் வரைந்ததையும், அதில் மூன்று விதம் உதவாது என்று அவர்களே கண்டுபிடித்ததையும் பார்த்தார். போகும்போது பயிற்றுநரிடம், "அந்த ஒரு மணி நேரம் இருக்கட்டும்" என்றார். அவள் அந்தக் குழாயடித் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை கணக்கு வாத்தியார் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். "அடுத்து எதை எடுக்கலாம்?" என்று அவரே ஆரம்பித்தார்.

"பொண்ணுங்க பாத்ரூம்ல தாழ்ப்பாளே இல்ல" என்றாள் அறிவியல் டீச்சர். அவள் குரலில் இந்த முறை எரிமலை இல்லை. "அஞ்சு வருஷமா எழுதிக் குடுக்கறேன். பாவம், ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய காவல் நிக்கறா."

"மெல்லப் பேசுங்க" என்றார் பட்டறை மாஸ்டர் பதறிப்போய். "இதை வச்சுத்தான் பாடம்னு ஹெட்மாஸ்டர் காதுல விழுந்தா நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வந்து போட்டுடுவாரு. அப்புறம் பாடத்துக்கு எங்க போறது?"

பயிற்றுநர் எழுந்து போய், தலைமை ஆசிரியர் அறைப் பக்கத்து ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள்.

"பாடத்துக்கு வேற ஒண்ணு பாத்துக்கலாம். நீங்க சத்தமாவே சொல்லுங்க டீச்சர்" என்றாள்.