முதுகு காட்டிய பக்தவச்சலம்

1988 ஐப்பசியில், செத்து அறுபது வருஷமான பக்தவச்சலம் தன் படத்துக்குள்ளேயே திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அன்று தாம்பரத்தில் கத்திரிக்காய் கிலோ மூன்று ரூபாய்.

அனகாபுத்தூர் வீட்டுப் பூஜை அறையில் விளக்குக்கு மேலே தொங்கிய அந்த ஆயில் பெயிண்டிங்கைப் பேரன் சம்பந்தம், தாம்பரத்தில் புதிதாகத் திறக்கவிருந்த மியூசியத்துக்குக் கொடுத்திருந்தார். கொடுத்தாரே ஒழிய நம்பவில்லை. தினமும் பஸ் ஏறி வந்து, படத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். படங்களைச் சுத்தம் செய்து மாட்டுவது சாராளின் வேலை. அவள் குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, தாத்தாவின் முகத்தில் மெல்ல உருட்டியதைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"இன்னாம்மா, எங்க தாத்தா மூஞ்சில எச்சியைத் தடவிக்கினு கீற?"

"பழைய அழுக்குக்கு இதுதான் சார் நல்ல மருந்து. காலேஜ்லயே சொல்லிக் குடுக்கறாங்க."

"எச்சி துப்பறதுக்குக் காலேஜா?"

அதற்குள் தாத்தாவின் மீசையில் வலது பாதி பஞ்சோடு வந்துவிட்டது. அது மீசையே இல்லை, விளக்குப் புகை மூக்குக்குக் கீழே போய்ப் படிந்தது என்றாள் சாராள். அந்தப் புகையைக் காட்டித்தான் சம்பந்தம் வீட்டில் இரண்டு தலைமுறைக்குப் பெண் எடுத்திருந்தார்கள். சம்பந்தமும் அதே அளவில் ஒரு மீசை வளர்த்து வைத்திருந்தார். அரை மீசையோடு நாலு பேர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுத்தான் தாத்தா அந்தப் பக்கம் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. எதிர்ச்சுவரில் பக்கத்துத் தெரு ஏகநாதனுடைய தாத்தாவை ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. அவருக்கு முதுகைக் காட்டினால், பயந்துவிட்டார் என்று ஏகநாதன் ஊரெல்லாம் சொல்லுவான். சம்பந்தம் சூடம் காட்டினார், திட்டினார், கெஞ்சினார். முதுகு அசையவில்லை. சாராள் சும்மா இருக்க முடியாமல் அதையும் துடைத்து வைத்தாள்.

"பேசாம இப்படியே மாட்டிடலாம் சார். நல்ல முதுகு."

"உங்க தாத்தா முதுகை மாட்டு."

சனிக்கிழமை சாயங்காலம் சம்பந்தம் எதிர் சலூனுக்குப் போய் வலது பாதி மீசையை எடுத்துவிட்டு வந்து படத்தின் முன்னால் நின்றார். தாத்தா தோளுக்கு மேலே ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் பத்தலையா ஒனக்கு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சம்பந்தம் மறுபடியும் சலூனுக்கு நடந்தார். வழவழவென்று திரும்பி வந்தபோது தாத்தா நேராக உட்கார்ந்திருந்தார். சாராள் மிச்சப் புகையையும் துடைத்தெடுத்தாள்.

விழா நன்றாக நடந்தது. இப்போதும் அந்தக் குடும்பத்தில் யாராவது மீசையோடு உள்ளே போனால் தாத்தா திரும்பிக்கொள்வார். அதனால் டிக்கெட் கிழிப்பவர் அவர்களை மட்டும் வாசலில் நிறுத்தி, எதிர் சலூனைக் கை காட்டுவார். அவர்களும் போய்விட்டு வருவார்கள்.