ஐஸ்கிரீம் வழிந்த குப்பிகள்

திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூடக் கதவைத் திறந்ததுமே, அங்கே உதவியாளாக இருக்கும் பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கெட்ட பால் நாற்றம். ரத்தம் வைக்கும் உறைபெட்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கதவுக்குக் குறுக்கே யாரோ திணித்திருந்த ஐஸ்கிரீம் டப்பாவில் இருந்தது உருகி, குப்பிகள் மேலெல்லாம் இளஞ்சிவப்பாக வழிந்து பிசுபிசுத்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு குப்பிகள். எல்லாம் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களின் ரத்தம். அதில் ஒன்று அவருடைய தங்கச்சியுடையது.

பெரியவர் படித்தது நாலாம் வகுப்பு. தினம் மூன்று வேளை பெட்டியின் குளிரைப் பார்த்து நோட்டில் எழுதுவதால் அங்கே அவருக்குப் பெயர் டிகிரி. மைனஸ் எண்பது இருக்க வேண்டிய பெட்டி இப்போது ப்ளஸ் இருபத்திரண்டு காட்டியது.

பெரிய டாக்டர் வந்தார். டப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"அடடா, வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வந்த மருந்துக் கம்பெனிக்காரங்களுக்கு வாங்கினது. மறந்தே போச்சு."

அன்றைக்குக் கூட்டம் நடக்கும்போது கத்தித் தொலைக்கிறது என்று பெட்டியின் அலாரத்தை நிறுத்தியதும் இதே ஆள்தான்.

"தொடச்சிட்டு சாத்துங்க டிகிரி. நோட்டுல மைனஸ் எண்பதுன்னு போட்டுடுங்க. மத்தியானம் தணிக்கையம்மா வராங்க."

"உள்ள இருக்கிறது கெட்டிருக்குமே டாக்டர்?"

"திரும்ப உறைஞ்சா சரியாயிடும்."

இதே வாய் போன மாதம் தங்கச்சியிடம் வேறு பேசியது. "ரத்தத்துல வளர வைக்கிற சத்து ஒண்ணு ஓடுதும்மா. அது கண்டபடி ஆடாம ஒரு புரதம் கட்டிப் பிடிச்சிருக்கும். பிடி தளர்ந்தா கட்டிக்குக் கொண்டாட்டம். சில சமயம் அந்தப் புரதமே கட்டி பக்கம் சாஞ்சிடும். அது எவ்வளவு இருக்குன்னு அளந்துதான் உங்களுக்கு எந்த மருந்துன்னு முடிவு பண்ணுவோம். குளிர் இல்லாம வெளியில கிடந்தா அந்தப் புரதம் துண்டு துண்டா அறுந்து போயிடும். அதான் உறைபெட்டி."

அறுந்ததை அளந்தால் தப்பாகத்தான் வரும். அதை நம்பித் தங்கச்சிக்குத் தப்பு மருந்து ஏறும். இந்த மனுஷன் கைக்குட்டையால் மூக்கை மட்டும் பொத்திக்கொள்வான். தூ!

பெரியவர் பேனாவை எடுத்தார். கோணல் எழுத்தில் ப்ளஸ் இருபத்திரண்டு என்று போட்டார். பக்கத்திலேயே, கதவில் ஐஸ்கிரீம் டப்பா, அலாரம் அணைத்திருந்தது என்றும் எழுதினார்.

டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. "உங்களுக்கு எதுக்கு வீண் வம்பு? அடிச்சிட்டு மாத்தி எழுதுங்க."

"என் தங்கச்சி ரத்தம் டாக்டர் அது. மாட்டேன்."

நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மத்தியானம்வரை வாசல் நாற்காலியை விட்டு எழவில்லை. தணிக்கையம்மா கையில் கொடுத்த பிறகுதான் தண்ணீர் குடித்தார். அத்தனை குப்பிகளும் செல்லாது என்று அந்தம்மா எழுதிப் போனார்.

சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அவளுக்கு ஆபரேஷன் ஆன இடது பக்கக் கையில் ஊசி போடக் கூடாது. வலது கையில் நரம்பே அகப்படுவதில்லை. போன தடவை ஆறு குத்து.

"மறுபடியும் குத்துவாங்கம்மா. நான் நோட்டுல எழுதினதாலதான்."

"என் ரத்தத்துல ஐஸ்கிரீமா? சீ!" அவள் முகத்தைச் சுளித்தாள். பிறகு, "என்ன ஐஸ்கிரீம்ண்ணே?" என்றாள்.

"ஸ்ட்ராபெரி."

"கருமம். எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த நாற்றம் போகவில்லை. தங்கச்சி சட்டையின் வலது கையை முழங்கைக்கு மேல் ஏற்றி, பழைய ஊசித் தழும்புகளைத் தடவிப் பார்த்தாள்.

"நாளைக்கே வரேன். குத்தட்டும். இந்தத் தடவை பெட்டியை நீயே சாத்து."