துண்டுக்கடியில் இறுதி ஆட்டம்

எங்கள் ஊர் மகளிர் ஒற்றையர் டென்னிஸ் போட்டியில், பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று நடுவர் சொல்வதில்லை. ஆட்டக்காரிகளுக்கு ஆளுக்கொரு தரகர் உண்டு. சந்தேகமான பந்து விழுந்தால் தரகர்கள் இருவரும் வலையருகே வந்து, கைகளின் மேல் துண்டைப் போட்டு, மாட்டுச்சந்தையில் செய்வதைப்போல விரலைப் பிடித்துப் பேசி முடிப்பார்கள். என்ன கணக்கு என்பதை முதலில் வாயால் சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு பிடித்த விரல் எத்தனையோ அத்தனை. உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நடுவரின் வேலை, துண்டு விலகாமல் பார்த்துக்கொள்வது.

நான் ஹெல்காவின் தரகர். பெயர் பூவாத்தாள். பதினாலு வயதில் ஒரு எருமையை விற்கத் தனியாகச் சந்தைக்குப் போய், ஏமாந்து, அழுதுகொண்டே திரும்பி வந்தவள். அதற்குப் பிறகு என்னை ஏய்த்தவன் கிடையாது. முதல் சுற்றிலேயே தோற்றுக்கொண்டிருந்த ஹெல்காவைப் பிடித்து மேலே கொண்டுவந்தது நான். ஆறடி உயரம், ஜெர்மனிக்காரி. நாலு வருஷம் என்னோடு சுற்றியதில் எங்கள் பக்கத்துப் பேச்சு அவளுக்கு நன்றாக வந்துவிட்டது.

இந்த வருஷம் இறுதி ஆட்டத்தில் எதிரே அர்ஜென்டினாக்காரி இனெஸ். எங்கள் பக்கத்துப் பேச்சு அவளுக்கும் வரும். அவளுடைய தரகர் ராக்கியப்பன். ராக்கியப்பன் என் வீட்டுக்காரர்.

அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததும் நான்தான். ஆனால் மனுஷனுக்குப் பேரம் வராது. கத்தரிக்காய்க்காரி சொன்ன விலைக்குச் சரி என்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் மாமன், "பொண்ணு கொஞ்சம் வாய்க்காரி, பரவால்லீங்களா?" என்று கேட்டதற்கும் சரி என்றார். அவ்வளவுதான், முடிந்தது. பதினோரு வருஷமாக அது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஒன்று வேண்டும் என்று நினைக்கிற மனுஷன் அதற்காக ஒரு வார்த்தையாவது இழுத்துப் பேசமாட்டானா?

முதல் செட்டில் இனெஸ் அடித்த ஒரு பந்து கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்தது. துண்டைப் போட்டேன். சரி என்று சொல்லிவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அவர் புள்ளிக் கணக்கு என்று சொல்லிவிட்டு என் மூன்று விரலைச் சேர்த்து இறுக்கினார். உதறினேன். மறுபடி இறுக்கினார். உள்ளங்கை வேர்த்திருந்தது. கல்யாணப் பந்தலில்கூட அந்தக் கை என்னை இப்படிப் பிடித்ததில்லை.

"ஏனுங்க, பந்து ஒரு சாண் வெளிய கெடக்குது."

"பந்து அங்கியே கெடக்கட்டும். கோடு நகரட்டும்," என்றார்.

ஆட்கள் சுண்ணாம்பு வாளியோடு வந்து, பழைய கோட்டை அழித்து, ஒரு சாண் தள்ளிப் புதுக்கோடு போட்டார்கள். பதிலுக்கு நான் நிழலைக் கேட்டு வாங்கினேன். இனெஸின் பக்கம் இருந்த மேகம் கிளம்பி வந்து ஹெல்காவின் தலைக்கு மேலே நின்றது. ஆட்டக்காரிகள் பக்கம் மாறியபோது மேகமும் கூடவே மாறியது. அந்த செட் எங்களுடையது.

இரண்டாவது செட்டில் இரண்டு கேமைக் கொடுத்து இனெஸின் பேக்ஹேண்டை வாங்கினேன். அதற்குப் பிறகு இடப்பக்கம் வந்த பந்தையெல்லாம் அவள் சுற்றி ஓடிப்போய் அடிக்க வேண்டியிருந்தது.

"ராக்கிண்ணா, என்ற பேக்ஹேண்டக் குடுத்துட்டீங்களா?" என்று அவள் அழுதாள்.

"அழுவாத கண்ணு. திருப்பி வாங்கித் தாரேன்."

கண்ணு! என்னை ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டிருப்பாரா இந்த மனுஷன்? சொன்னபடியே அவர் வந்தார், துண்டைப் போட்டார், தன்னுடைய தூக்கத்தில் ஆறு மாதத்தைக் கொடுத்து அந்த பேக்ஹேண்டை மீட்டுக்கொண்டு போனார். எனக்குத் தலைவலி என்றால் ஒரு சுக்குக் காப்பி வைத்துத்தர எழுந்திருக்காத தூக்கம் அது. வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். அது அங்கே சுட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாவது செட் அவர்களுக்குப் போனது.

மூன்றாவது செட்டில் இனெஸ் ஐந்து, ஹெல்கா நாலு. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை இனெஸுக்கு. அவள் அடித்த பந்து சரியாகக் கோட்டின் விளிம்பில் விழுந்தது. இரண்டு பேரும் வலைக்குப் போனோம். துண்டுக்குள் கையை விட்டேன். விரல் பிடிக்க மனசு வரவில்லை.

"அந்தப் புள்ளைக்கு இத்தன பேசறீங்களே. எனக்காக ஒருக்காவாச்சும் பேசியிருக்கறீங்களா?"

அவர் துண்டை இழுத்துச் சரிசெய்தார். "உன்னைய யாரு விக்கறாங்க, நான் பேசறதுக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கையை உருவிக்கொண்டேன்.

"துண்டு விலகுது," என்றார் நடுவர்.

"விலகட்டும். நானே விக்கறேன்."

"என்னத்தைங்க?"

"என்னையத்தான்."

நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தரகர் சரக்காகலாம், ஆட்டக்காரி தரகராகலாம், மைதானத்தில் மட்டை பிடிக்க ஓர் ஆள் நின்றால் போதும் என்றார். ஹெல்கா மட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு வலைக்குப் போனாள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்கோட்டில் நின்றேன்.

"என்ன கணக்குங்ணா?" என்று ஹெல்கா கேட்டாள்.

"கேம் கணக்கு," என்றார் அவர்.

துண்டு ஒரு தடவை அசைந்தது. ஹெல்கா திரும்பி, "அக்கா, ஒரே ஒரு கேமுங்கறாருங்க!" என்று கத்தினாள். எண்ணை வாய்விட்டுச் சொன்னதற்காக நடுவர் அவளை எச்சரித்தார்.

ஒரு கேம். நான் ஒரு கேமுக்கு! மட்டையை அவர் தலைக்குக் குறி பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. வாங்கப்போகிறவன்தான் அடிமட்டத்தில் ஆரம்பிப்பான். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பேரம் நீண்டது. பார்வையாளர்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்கள். அவர் இரண்டு தடவை வேண்டாம் என்று கையை உதறிவிட்டு நாற்காலிவரை போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். நான் கற்றுக்கொடுத்த வித்தை அது. பதினோரு வருஷத்தில் இன்றைக்குத்தான் எடுத்தார். முழங்கைவரை நரம்பு புடைத்திருந்தது.

ஒரு மணி நேரம் ஆனது. அப்போதுதான் கவனித்தேன், ஒரு மணி நேரமாக அவர் கை ஹெல்காவின் கைக்குள் இருந்தது. அவள் சிரித்துக்கொண்டு வேறு நின்றாள். விரல் பேசுவதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"ஏய் ஹெல்கா, முடிச்சுத் தொலை!"

"இருங்க்கா, இன்னும் ஏறுவாருங்க."

ஏறினார். கடைசியில் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். பலகையில் இனெஸின் பெயருக்கு நேரே இருந்த ஐந்தை எடுத்துவிட்டுப் பூஜ்யம் வைத்தார்கள்.

இனெஸ் வாழைப்பழத்தை உரித்தபடி, "எல்லாத்தையுமாங்ணா?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையுந்தான்," என்றார். கண்ணு என்று சொல்லவில்லை. காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டேன்.

"கயிறு?" என்றார் நடுவர். சந்தை வழக்கப்படி மாட்டின் பழைய கயிறு விற்றவருக்கு. வாங்கியவர் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். ஹெல்கா என் மஞ்சள் கயிற்றைக் கழற்றித் தன் மட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். என் வீட்டுக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். வலையின் மேல்கயிற்றை உருவிக் கொண்டுவந்து என் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டார். டென்னிஸில் தட்டுவதுபோலக் கூட்டம் கொஞ்சமாகக் கைதட்டிவிட்டு அமைதியானது.

வலை தரையில் கிடந்தது. மைதானத்தில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஒன்றும் இல்லாமல் போனது. நடுவர் மேலிருந்து அதைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் இல்லாததால் எதிராளியும் இல்லை, எனவே ஹெல்காவும் இனெஸும் ஒருத்திதான் என்று அறிவித்தார். அந்த ஒருத்தி வந்து கோப்பையை வாங்கினாள். இரண்டு பைகளையும் இரண்டு தோளில் மாட்டிக்கொண்டு எங்களிடம் வந்தாள்.

"நாளைக்குப் பயிற்சிக்கு எத்தன மணிக்குங்க வரட்டும்?"

"ஆறு மணிக்கு வா," என்றேன் நான்.

"ஆறரை," என்றார் அவர்.