செத்தவர் ஊற்றிய காப்பி

ஈஸ்டர் வந்தால் எங்கள் நார்வேயில் பாதி சனம் மலைக்குப் போய்விடும். மரக்குடிலின் வெயில் படும் சுவரில் முதுகைச் சாய்த்து, ஆரஞ்சுச் சுளையை மென்றுகொண்டு, யாரோ யாரையோ கொன்ற கதையைப் படிக்கும். யேசு உயிர்த்தெழுந்த பண்டிகைக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. வழக்கம் என்றால் வழக்கம்தான்.

தூரித்தும் வென்கேயும் மலையில் பக்கத்துப் பக்கத்துக் குடில்காரிகள். இருபத்தாறு ஈஸ்டராக இருவரும் ஒரே நாவலை ஆளுக்கொரு பிரதி வாங்கிப் படித்துவிட்டு, சனிக்கிழமை மதியம் கூடி உட்கார்ந்து கொலைகாரனைப் பற்றிப் பேசுவார்கள். போன வருடம் அதில் மண் விழுந்தது. தலைமை நர்ஸாக இருந்து ரிட்டயரான தூரித்துக்கு எதையும் முந்தி முடித்தாக வேண்டும். வியாழக்கிழமையே நாவலை முடித்துவிட்டு, பனிச்சறுக்குப் பாதையில் எதிரே வந்த வென்கேயிடம் தம்பிதான் கொன்றான் என்று போட்டு உடைத்துவிட்டாள். அவளுக்கு என்றைக்குமே ஓட்டை வாய். வென்கே வந்த வழியே திரும்பிப் போனாள். அதோடு ஒரு வருடம் பேச்சில்லை.

இந்த மார்ச்சில் தபாலில் ஒரு நாவல் வந்தது. உள்ளே வென்கேயின் கையெழுத்தில் ‘சனிக்கிழமை வா’ என்று இரண்டே வார்த்தை. தூரித்துக்குக் கண் கலங்கிவிட்டது.

நாவலோ படுமோசம். ஈஸ்டருக்குள் கடைக்கு வர வேண்டும் என்று அள்ளித் தெளித்த அவசரத்தில் அச்சடித்திருக்கிறார்கள். குண்டடி பட்டு இடது கையைக் கட்டுப் போட்ட இன்ஸ்பெக்டர் அடுத்த அத்தியாயத்திலேயே இரண்டு கையாலும் துடுப்புப் போடுகிறார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், முதல் அத்தியாயத்தில் கொலையான பாதிரியார் அந்த இன்ஸ்பெக்டருக்குக் காப்பி ஊற்றுகிறார். பேய்க்கதையோ என்று தூரித் முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. திருத்த வேண்டியவர் தூங்கியிருக்கிறார்.

அவள் எதையும் பாதியில் விட்டவள் இல்லை. அதைவிட, இதை விட்டால் சமாதானமாக நீட்டிய கையைத் தட்டிவிட்டதுபோல் ஆகிவிடாதா? இரண்டு நாள் மடியில் வைத்துக்கொண்டு அவஸ்தைப்பட்டாள். வெளியே வெயில் காய்ந்து வீணாயிற்று. பெரிய வெள்ளியன்று, போதுமடா சாமி என்று புத்தகத்தை மூடிவிட்டுச் சறுக்கப் போனாள். அன்று மாலை வரை மனசு பஞ்சாக இருந்தது. மறுநாள் காலையில்தான் பயம் வந்தது.

சனிக்கிழமை வென்கே பலகையில் மான்தோல் விரித்து, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டாயா என்றுதான் முதலில் கேட்டாள்.

“இல்ல வென்கே. நூத்திப் பன்னெண்டுல மூடி வெச்சுட்டேன். நீ அனுப்பினதாச்சேன்னு எவ்வளவோ பாத்தேன். செத்த மனுஷன் காப்பி ஊத்துறான். அதுக்கு மேல என்னால ஆகல.”

வென்கே அடுத்த ஆரஞ்சை எடுத்து உரித்தாள். எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தூரித்துக்குத் தோன்றியது.

“இருநூறாம் பக்கத்துல அவன் மறுபடியும் சாவான், தெரியுமா?” என்றாள் வென்கே கடைசியில். அனுப்பிய பாவத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முழுவதையும் படித்திருந்தாள். சொல்லும்போதே அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

“அப்போ முடிவு உனக்குத் தெரியாது.”

“தெரியாது.”

“இத்தன வருஷத்துல முதல் தடவையா நான் சொல்லப்போறேன். யாரா இருக்கும்னு நெனைக்கிற?”

படகுக்காரன்தான். மூன்றாம் அத்தியாயத்திலேயே ஈர பூட்ஸோடு வந்து நின்றவனைச் சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். தூரித்துக்குப் பெயர் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அவள் இரண்டு சுளையை ஒன்றாக எடுத்து வாயை அடைத்துக்கொண்டு, தெரியவில்லை என்று தலையை ஆட்டினாள்.

“படகுக்காரன்டி,” என்றாள் வென்கே.

தூரித் சுளையை மென்று விழுங்கினாள்.

“அவனா?” என்றாள். “எனக்குத் தோணவே இல்லையே.”