அதிபரின் மரண அறிவித்தல்

2006ஆம் ஆண்டு மாசி மாதத்துக் கடைசி ஞாயிறு, செவ்வாய்க் கிரகத்தின் அதிபர் இறக்க வேண்டியிருந்தது. அந்த அதிபர் நான்தான்.

ஒஸ்லோவில் எங்கள் தமிழ் வானொலியில் ஞாயிறு மதியங்களில் ‘சிவப்பு மண்’ என்ற நாடகம் போனது. எழுதியவள் ஹம்சிகா, இங்கேயே பிறந்து, பல்கலைக்கழகத்தில் அரசியல் படிப்பவள். வேடிக்கைக்கு நடிக்கிற ஆள் நானல்ல. பத்தொன்பது வருடம் இந்த நகரத்தில் பள்ளிக்கூடத் தரை துடைத்தேன். அந்த வேலைக்கும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டுதான் போனேன். அதிபருக்கு வேறு குரல் பொருந்தாது என்று அவள் சொன்னதால் சம்மதித்தேன்.

நாடகத்துச் செவ்வாயில் காற்று பங்கீட்டில்தான் கிடைக்கும். குடும்பத்தின் மூத்தவர் இறக்குமுன் தன் மரண அறிவித்தலைத் தானே வாசிக்க வேண்டும். அதில் பெயர் வருகிறவர்களுக்கே கண்ணாடிக் கூரையின் கீழ் இடம். அதிபரின் தம்பி மதிவாணரின் மகள் கயல்விழி, கொன்ஸ்ரன்ரைன் என்ற சுரங்கத் தொழிலாளியை மணந்தாள். அதிபர் அவனைச் சேர்க்கவில்லை. கடைசிப் பகுதியில் அவன் வெளிக்கதவடியில் நிற்கிறான். முதுகுச் சிலிண்டரில் ஒரு மணி நேரக் காற்று. அதிபருக்கும் அவ்வளவுதான் ஆயுள்.

வெஸ்ட்லித் தமிழ்க் கடையில் மரவள்ளிக் கிழங்கு பொறுக்கிக்கொண்டு நின்ற, நாடகத்தைத் தவறாமல் கேட்கிற சுபேசன், கதவைத் திறக்கிற யோசனை இருக்கிறதா என்று கேட்டான். நான் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வியாழக்கிழமை ஹம்சிகா தாள்களோடு வீட்டுக்கு வந்தாள். அவள் எழுதியிருந்த அறிவித்தல் முழுவதும் பிழை. மனைவிக்கு முன் நண்பர்கள் வந்தார்கள். யார் யாருக்கு மைத்துனர், யாருக்குச் சகலன் என்று ஒன்றுமில்லை. நான் அதைச் சொன்னேன்.

“உந்த முறையெல்லாம் எனக்குத் தெரியாது மாமா. எனக்குத் திங்கள் எக்சாமன். நீங்களே எழுதுங்கோ. ஆரைப் போடுறது, ஆரை விடுறது எண்டதும் உங்கடை விருப்பம். நாடகம் அதோடை முடியுது.”

“ஆரும் உமக்கு ஏதும் சொன்னவையோ?”

“என்ன சொல்ல?”

அவள் முகத்தில் கள்ளம் இல்லை. ஆனால் ஒஸ்லோவில் மற்றவர்களுக்குத் தெரியும். 1999இல் அம்மா காலமானபோது, இதே வானொலியில் போன அறிவித்தலை எழுதியவன் நான். அதற்கு முந்திய வருடம் என் தம்பி இந்திரகுமாருக்கும் அவன் மனைவி ராசமலருக்கும் பிறந்த சாருகா, வின்சென்ற் என்ற, தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரப் பையனை எங்களைக் கேளாமல் பதிவுத் திருமணம் செய்திருந்தாள். பேரப்பிள்ளைகளின் வரிசையில் மற்றவர்கள் சோடியாக நிற்க, சாருகாவின் பெயர் கணவன் இல்லாதவளுடையதுபோல் தனியே நின்றது. குடும்பத்தின் மானத்தைக் காத்தேன் என்று நினைத்தேன். அன்றிலிருந்து ஹொல்ம்லியாவில் இருக்கும் தம்பி என்னோடு கதைப்பதில்லை. நானும் கேட்டுப் போகவில்லை. எனக்கு எழுபத்தொரு வயது. என் அறிவித்தலில் அவன் தன் பெயரைப் போட விடுவானோ என்பது எனக்கே தெரியாது.

ஹம்சிகா போன பிறகு சாப்பாட்டு மேசையில் எழுத உட்கார்ந்தேன். அதிபரின் மனைவி, மக்கள், தம்பி, தம்பியின் மகளான பெறாமகள் என்று ஒழுங்காக வந்தது. அடுத்த வரியில் பேனை நின்றது. என் மனைவி தங்கேஸ்வரி கீரை ஆய்ந்தபடி எட்டிப் பார்த்தாள்.

“செவ்வாயிலையாவது ஒருக்கா ஒழுங்காய் எழுதுங்கோ,” என்றாள்.

ஞாயிறு நேரடி ஒலிபரப்பு. நான் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து போனேன். ஹம்சிகா கண்ணாடிக்கு அப்பால் இருந்து கை காட்டினாள். அதிபரின் மூச்சு வாங்குகிற குரலை வைத்துக்கொள்ளும்படி கேட்டிருந்தாள். அறிவித்தலை அப்படி வாசிக்க முடியாது என்று மறுத்துவிட்டேன். நிமிர்ந்து இருந்து, வழக்கமான குரலில் வாசித்தேன்.

“...மதிவாணரின் அன்புச் சகோதரரும், கயல்விழியின் பாசமிகு பெரியப்பாவும், கொன்ஸ்ரன்ரைனின் அன்பு மாமனாரும் ஆவார்.”

கதவு திறக்கும் ஒலியைப் போட்டார்கள். நாடகம் முடிந்தது. ஹம்சிகா எழுந்து நின்றாள். நான் தாள்களை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு ஐந்தாம் இலக்க ரயிலில் வீடு வந்தேன்.

சப்பாத்தைக் கழற்றும்போது தொலைபேசி அடித்தது. தங்கேஸ்வரி எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“அண்ணை,” என்றான் இந்திரகுமார். ஏழு வருடத்துக்குப் பிறகும் அதே இறுகிய குரல். எங்கள் அப்பாவுடைய குரலும் அதுதான். “அறிவித்தலிலை ஒரு பிழை.”

“என்ன பிழை?”

“மதிவாணரின்ரை மனிசியை விட்டிட்டியள். மைத்துனி எண்டு ஒரு வரி வந்திருக்க வேணும்.”

பையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். அந்த ஒரு பெயரிலேயே என் கவனம் முழுவதும் இருந்திருக்கிறது.

“ஓம். விடுபட்டுப் போச்சுது. வாற ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு வா.”

அவர்கள் வீட்டு வானொலி பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

“நான் மட்டுமோ?” என்று கேட்டான்.

தங்கேஸ்வரி எவ்வளவு அரிசி போடுவது, எத்தனை பேர் என்று கையால் கேட்டாள். அவளுக்கும் அவனுக்கும் சேர்த்து, ஒவ்வொரு பெயராக, ஒழுங்கு தவறாமல் சொன்னேன்.

“இந்திரகுமார். ராசமலர். சாருகா. வின்சென்ற்.”